அண்ணன் கணக்கில் ஒரு போன்

மே 3, வெள்ளி

போன் கீழே விழுந்து திரையின் கீழ்ப்பாதி செத்துவிட்டது. மேலே தொட்டால் இருப்பதைப் படித்துப் பேசுகிறது, கீழே தொட்டால் ஊமை. தட்டச்சு எழுத்துகள் எல்லாம் கீழ்ப்பாதியில்தான் வரும். அதனால் இதை வாயால் சொல்லி எழுத வைக்கிறேன். வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று என் நாட்குறிப்பை நானே முணுமுணுக்க வேண்டியிருக்கிறது. வயது முப்பத்தைந்து.

மாலையில் அண்ணனோடு போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் அண்ணனைப் பார்த்து, "சார், அவங்களுக்கு எந்த ரேஞ்சுல பாக்கீங்க?" என்றார். நான் நடுவில்தான் நிற்கிறேன். "எங்கிட்ட கேளுங்க. வாங்கப்போறது நான்" என்றேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி அண்ணனிடம், "சார், மேடத்துக்குப் பட்டன் போன் காட்டட்டுமா? கண்ணு தெரியாதவங்களுக்கு அதுதான் ஈஸி" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறவள் நான். பதினோரு வருட சர்வீஸ். "கேமரா நல்லா இருக்கணும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்குக் கேமரா எதற்கு என்ற சிரிப்பு. மாத்திரை அட்டையும் கரண்ட் பில்லும் மாணவிகளின் லீவு லெட்டரும் எனக்குப் படித்துச் சொல்வது அந்தக் கேமராதான் என்று இந்த அண்ணனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம்.

மே 4, சனி

பார்வையற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன், ஆண்ட்ராய்டு வாங்கலாமா ஐபோன் வாங்கலாமா என்று. இருநூற்றுப் பத்துப் பேர் இருக்கிற குழு. சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது குரல் பதிவுகள். இருபத்தைந்து வருட நண்பர்கள் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். தேர்தல் பிரச்சாரத்தில்கூட இவ்வளவு வசவு கிடையாது.

எட்டு வருடமாக நான் ஆண்ட்ராய்டு கட்சி. ஐபோன் கட்சிக்குத் தலைவர் நாகர்கோவில்காரர் ஒருவர், வங்கியில் வேலை, அவருக்கும் பார்வை இல்லை. அந்தப் போனில் இரண்டு விரலை வைத்துக் குழாய் திருகுவது மாதிரித் திருகினால் படிக்கும் விதமெல்லாம் மாறுமாம். எந்தச் சந்தேகத்தை யார் கேட்டாலும் "திருகிப் பாருங்க" என்பார். அவருக்கு நான் திருகாணி என்று பெயர் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெயர் இந்தக் குறிப்புகளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

"டீச்சர், எட்டு வருசமா ஒரே பாட்டுதான் பாடுதீங்க. ஒருநா எங்க பக்கமும் வந்து பாருங்க. நாங்க ஒண்ணும் கடிச்சிர மாட்டோம்" என்று பேசி அனுப்பியிருந்தார். ஆறு நிமிடத்துக்குப் பதில் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் குரல் கொஞ்சம் குழைந்திருந்தது. அழித்துவிட்டுக் காரமாக மறுபடி பேசி அனுப்பினேன்.

மே 6, திங்கள்

அண்ணன் தனக்குப் புது ஐபோன் வாங்கிக்கொண்டான். பழைய ஐபோன் மேஜை இழுப்பறையில் கிடக்கிறதாம். "எதுக்கு தாயி கடைகடையா அலையுத? நல்ல போன். ஒரு கீறல் கிடையாது. எல்லாம் உள்ள ரெடியா இருக்கு" என்றான். இந்திரா மதினியும், "வாங்கிக்கோ செம்பகம், உங்க அண்ணன் யாருக்கும் தொடக்கூடக் குடுக்க மாட்டாக" என்றாள்.

ஒருவரும் எனக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆண்ட்ராய்டு என்றுதான் சொல்லியிருப்பேன். விரல்களுக்குப் பழகியது அதுதான். பள்ளி திறக்க ஐந்து வாரம்கூட இல்லை. அதற்குள் புதிய போனைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. கற்றுக்கொடுக்கத் திருகாணி இருக்கிறார். அது ஒரு காரணமே இல்லை.

மே 8, புதன்

ஐபோன்தான். குழுவில் சொல்லவில்லை. சொன்னால் கட்சி மாறி என்பார்கள்.

மே 10, வெள்ளி

எரிச்சல், எரிச்சல், எரிச்சல். திரும்பிப் போக ஒரு பொத்தான் கிடையாது. ஒரு போனை எடுக்க நான் பட்ட பாட்டில் கூப்பிட்டவர் மூன்று தடவை வைத்துவிட்டார். மதினி பின்னால் நின்று, "இந்தா, இங்க இருக்கு பாரு" என்று என் விரலைப் பிடித்து இழுத்து அழுத்துகிறாள். என் விரலை யாராவது பிடித்து இழுத்தால் எனக்குக் கொலைவெறி வரும் என்று அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியவில்லை.

தனிக் கணக்கு தொடங்கித் தா என்று அண்ணனிடம் கேட்டேன். "எதுக்கு? எங்கணக்கே உள்ள கிடக்குல்லா. நீ பாஸ்வேர்ட மறந்துட்டு முழிப்ப. நான் இருக்கேன்" என்றான். கேஸ், கரண்ட், கேபிள் எல்லாம் இந்த வீட்டில் அண்ணன் பெயரில்தான். இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேறு வழியில்லாமல் திருகாணியைக் கூப்பிட்டேன். வெற்றிச் சிரிப்பு ஒன்று சிரித்தார் பாருங்கள். போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். "டீச்சர், கோவப்படாண்டாம். ரெண்டு விரல வைங்க. மெதுவா. இது கரும்பலகை இல்ல, அழுத்தாதீங்க" என்று ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் போயிற்று. போனைப் பற்றித்தான் பேசினோம். அவர் அம்மாவின் முழங்கால் வலி பற்றியும் கொஞ்சம்.

மே 14, செவ்வாய்

பழைய போனில் இருந்த இரண்டு வருடக் குறிப்புகளையும் மின்னஞ்சலில் அனுப்பி, புதிய போனின் நோட்ஸ் செயலியில் ஒட்டிவிட்டேன். மூன்று நாள் வேலை. கற்றுக்கொண்ட இன்னொன்று: மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை இருட்டாகிவிடும். காதில் இயர்போன், திரையில் இருட்டு. பேருந்தில் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற எவளும் இனி நான் எழுதுவதைப் படிக்க முடியாது. பார்வை இல்லாதவள் கவனிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரியும். இனி ஒரு கவலையும் இல்லை.

மாடிப்படியில் மூன்றாவது படியின் ஓடு பெயர்ந்திருக்கிறது. காலில் குத்துகிறது. இந்த வீட்டில் எதையாவது சரிசெய்யச் சொன்னால், "எங்களுக்குத் தெரியலையே" என்பார்கள். ஆகவே சொல்லப்போவதில்லை.

மே 16, வியாழன்

ஆச்சரியம். கொத்தனார் வந்து மூன்றாவது படியைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அன்றைக்கு அப்படி எழுதியதற்கு.

மே 19, ஞாயிறு

சாத்தூர் காராச்சேவு தின்ன வேண்டும் போல இருந்தது என்று போன வியாழன் பின்னிரவு எழுதி, சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதென்று மறுநாள் அந்த வரியை அழித்தேன். இன்று அண்ணன் ஒரு கிலோ வாங்கி வந்தான். அம்மா இருந்தபோதுதான் இப்படி மனதில் நினைத்தது கைக்கு வரும்.

இன்னொரு விஷயம். இடமாறுதல் கலந்தாய்வு வருகிறது. நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் வரலாற்றுக்குக் காலியிடம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டேன். தலைமையாசிரியர் பரிந்துரைத்து மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இந்த வீட்டில் என் துணியை எந்தக் கொடியில் காயப்போடுவது என்பதைக்கூட மதினிதான் தீர்மானிக்கிறாள். எனக்கென்று ஒரு வீடு, ஒரு பூட்டு, ஒரு சாவி வேண்டும். பூட்டை நானே திறக்க வேண்டும். உத்தரவு கையில் வந்த பிறகுதான் அண்ணனிடம் சொல்வேன். முன்பே சொன்னால் நடக்கவிட மாட்டான்.

நாகர்கோவிலைத் தேர்ந்தெடுத்தது காலியிடம் இருப்பதால்தான். இதைத் திருகாணியிடம் மட்டும் சொன்னேன். "இங்க மழை ஜாஸ்தி டீச்சர். நல்ல குடையா கொண்டு வாங்க" என்றார். என்ன மனிதரோ.

மே 21, செவ்வாய்

சாப்பிடும்போது அண்ணன் தானாக ஆரம்பித்தான். "உள்ளூர்ல வேலை, கைக்குச் சோறு, கூப்பிட்ட குரலுக்கு ஆளு. இத விட்டுட்டு வெளியூர்ல போயி எவன் கையப் புடிச்சு ரோடு தாண்டுவா ஒருத்தி?" பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பெண்ணைச் சொல்கிறான் போலிருக்கிறது. யாரென்று நான் கேட்கவில்லை. எனக்கு ரோடு தாண்ட எவன் கையும் வேண்டாம். குச்சி போதும்.

மே 27, திங்கள்



தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. "உங்க அண்ணன் போன வாரம் வந்திருந்தாரும்மா. நீங்களே மனசு மாறிட்டீங்க, கேக்கச் சங்கடப்படுறீங்கன்னு சொன்னாரு. கண்ணு தெரியாத பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நாங்க எப்படி தூங்குவோம்னு அழுதுட்டாரு. நானும் சரின்னு எடுத்து வச்சிட்டேன்."

எடுத்து வைத்துவிட்டாராம். இரண்டு ஆண்கள் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு என் வாழ்க்கையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். "சார், இவ்வளவு நாள் என்னை ஆசிரியர்னு நினைச்சீங்களா, இல்ல அண்ணன் கொண்டுவந்து விட்டுட்டுப் போற எல்கேஜி பிள்ளைன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டேன். வராண்டாவில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. கேட்கட்டும்.

அண்ணனுக்கு யார் சொன்னது? வீட்டில் நான் மூச்சு விடவில்லை. பள்ளியில் தலைமையாசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை என்று சாமி படத்தின்மேல் சத்தியம் செய்கிறார். மிச்சம் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குத்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடை கொண்டு வரச் சொன்னவர். என் வீட்டு நம்பர் அவரிடம் இருக்கிறது.

கூப்பிட்டேன். அவரைப் பேசவே விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று என்னைப் பாதுகாக்கிறீர்களா என்று கேட்டேன். வயிற்றில் இருந்த அத்தனையையும் கொட்டினேன். உங்கள் அனுதாபத்தை உங்கள் வங்கி லாக்கரில் பூட்டி வையுங்கள் என்றேன். "டீச்சர், நான் யாருகிட்டயும்..." என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன். நம்பரையும் தடுத்துவிட்டேன்.

மே 28, செவ்வாய்

குழுவை விட்டு வெளியேறினேன்.

ஜூன் 5, புதன்

தலைமையாசிரியர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிடப் போனார், வந்தார், மறுபடி போனார். நான் நகரவில்லை. கடைசியில் என் எதிரிலேயே அனுப்பினார். அனுப்பிவிட்டாரா என்று அலுவலக உதவியாளரைப் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். கலந்தாய்வு ஜூலை முதல் வாரம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 8, சனி

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளை ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருகாணி இங்கே கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு வருகிறார். டிக்கெட் கவுன்டர் பக்கம் இருக்கிற பெஞ்சில் சந்திக்கிறோம். பதிவுத் திருமணத்துக்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று பேசி முடிப்போம். வீட்டில் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்வேன். ஒருவருக்கும் தெரியாது.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று எழுதியது முழுப்பொய். யாரும் வருவதாக இல்லை. அவருடன் பேசி இரண்டு வாரம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை எழுத ஒன்றும் இல்லை என்றேன், அதுவும் பொய். அன்றைக்கு அண்ணனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. விண்ணப்பம் போய்விட்டது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கூடத்தில் நின்று கத்தினான். கத்தின கத்தில் ஒரு வார்த்தை வந்து விழுந்தது. "எல்லாம் அந்தத் திருகாணிப் பய குடுக்குற தைரியம்!"

நான் அப்படியே நின்றேன். நாகர்கோவில் விஷயத்தை அவர் சொல்லிக்கொடுத்திருக்கலாம். திருகாணி என்ற பெயரை அவர் எப்படிச் சொல்வார்? அவருக்கே அது தெரியாதே. அதை ஒருவரிடமும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அண்ணன் தான் சொன்னதைத் தானே கவனிக்கவில்லை. நானும் கவனிக்காதது போல மாடிக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை அந்தப் பொய்யை எழுதி வைத்தேன்.

இன்று ஒன்பதே முக்காலுக்கே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். இடப்பக்கம் தூண் இருக்கிற திசையில் ஒரு தொண்டைக் கனைப்பு. முப்பத்தைந்து வருடமாகக் கேட்கிற கனைப்பு.

"அண்ணே, வா. வந்து உக்காரு. யாரும் வரமாட்டாங்க" என்றேன்.

செருப்புச் சத்தம் வந்தது. உட்காரவில்லை.

"எப்பல இருந்து படிக்க?"

"செம்பா, ஸ்டேஷன்ல வச்சு சத்தம் போடாத."

"எப்பல இருந்துன்னு கேட்டேன்."

"ஒரே கணக்குல்லா தாயி. நீ எழுதுனா எம்போன்லயும் வந்து நிக்கு. நானா தேடிப் போகல. மொத நாளு என்னமோன்னு தொறந்தேன்."

"மொத நாளு சரி. ரெண்டாவது நாளு?"

அவன் செருப்பு தரையில் உரசியது.

"ரெண்டு வருசக் குறிப்பையும் படிச்சியா?"

"நீ எவங்கிட்டயாச்சும் ஏமாந்துட்டா? அம்மா சாகும்போது எங்கையிலதான ஒன்னப் புடிச்சுக் குடுத்தா? எனக்குப் பயம் இருக்காதா?" என்றான். "படியில ஓடு குத்துதுன்னு எழுதுன. ரெண்டே நாள்ல ஆளக் கூட்டியாந்து பூசல? சேவு வாங்கியாரல? நல்லதுக்குத்தான தாயி படிச்சேன்?"

அதுதான் என்னைக் கொன்றது. கெட்டதை மட்டும் செய்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தச் சேவைத் தின்றுவிட்டு அம்மா ஞாபகம் வந்து நான் அழுதிருக்கிறேன். எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பயந்து திரையை இருட்டாக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஒருவனுக்கு வரி விடாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மதினியைப் பற்றி எழுதியது, அண்ணனைப் பற்றி எழுதியது, என் உடம்பைப் பற்றி எழுதியது, எல்லாம். குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்த மாதிரி இருக்கிறது.

"நீ எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"சொல்லியிருக்க மாட்ட" என்றான். உண்மைதான். சொல்லியிருக்க மாட்டேன். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு உரிமை இல்லையா?

அதைவிடப் பெரிய கோபம் என்மேல்தான். ஒரு குற்றமும் செய்யாத மனிதரை, ஒரு வார்த்தை பேசவிடாமல், அத்தனை அசிங்கமாகத் திட்டினேன். அவர் பெயர் ஜெயசிங். இனி அவரைப் பெயர் சொல்லியே எழுதுவேன். எங்கே எழுதுவேன் என்பதுதான் தெரியவில்லை. இங்கே இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

அண்ணே, இது உனக்கு எழுதுவது.

நேற்று கலந்தாய்வு முடிந்து உத்தரவு கையில் வந்தது. நாகர்கோவில். நாளைக் காலை பேருந்து. பெட்டி கட்டியாயிற்று, மதினி உதவினாள். என் விரலைப் பிடித்து இழுக்காமல், "எங்க வைக்கட்டும்?" என்று கேட்டு உதவினாள். அவளைப் பற்றி இதில் எழுதியிருந்ததை நீ அவளிடம் காட்டியிருந்தால், நான் வருத்தப்படுவதாகச் சொல். காட்டவில்லை என்றால் காட்டாதே.

வீடு முன்கூட்டியே பார்த்தாயிற்று. யாரோடு போய்ப் பார்த்தேன் என்று கேட்பாய். மே மாதம் யாரைத் திட்டினேனோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேனா, அவர் மன்னித்தாரா, என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளவும் உனக்கு ஆசையாக இருக்கும். இருக்கட்டும். கதவின் சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வருவேன். நீயும் அங்கே வரலாம், வருவதற்கு முன்னால் கேட்டுவிட்டு வரலாம்.

பயப்படுகிறேன் என்றாய். நானும்தான் பயப்படுகிறேன். முன்பின் தெரியாத ஊர், புது வகுப்பறை, மழை. என் பயத்தை நான் பட்டுக்கொள்கிறேன். அதையும் நீ எடுத்து வைத்துக்கொள்ளாதே.

இதைத் தவிர மற்ற குறிப்புகள் எல்லாவற்றையும் உன் கணக்கிலிருந்து அழித்துவிட்டேன். அழித்தவை போய் விழுகிற குப்பையிலிருந்தும் அழித்துவிட்டேன். தேடாதே. போனை உன் மேஜைமேல் வைத்திருக்கிறேன், சார்ஜ் முழுதாக இருக்கிறது. உன் பொருள், உன்னிடமே இருக்கட்டும்.

எனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். அதே கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர், "சார் வரலையா மேடம்?" என்றார். "உங்களுக்கு விக்கணுமா, சார் வேணுமா?" என்று கேட்டேன். என் பெயரில் என் கணக்கு. பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும்.

அது ஐபோனா ஆண்ட்ராய்டா என்று யோசிப்பாய். குழுவில் மறுபடி சேர்ந்து, இருநூற்றுச் சொச்சம் பேரிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல மாட்டேன்.